பெயிண்ட் அடித்தும் கேட்டின் அடிப்பக்கம் ஆறே மாதத்தில் துருப்பிடிப்பது ஏன்? (கடற்கரையோர வீடு, இரும்புச் சதுரக் குழாய் கேட்)

துரு பெரும்பாலும் உள்ளிருந்துதான் வருகிறது. மேலே மூடாத குழாய் வாய், வெல்டிங்கில் விட்ட ஊசித்துளை வழியாக மழைநீர் இறங்கி அடிக்குழாயில் தேங்கிவிடும். வெளியே எத்தனை கோட் அடித்தாலும் அது நிற்காது.

முதலில் அடிக்குழாயைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் இரும்பு நன்றாக இருக்கிறது. மந்தமாகக் கேட்டாலோ, பள்ளம் விழுந்தாலோ அந்தத் துண்டை வெட்டி, 2 மி.மீ. கனமுள்ள புதுக் குழாயை வெல்டு வைக்க வேண்டும். பட்டி பூசி மறைப்பது வீண் செலவு. மேல் வாய்களைத் தகடு வைத்து அடைத்து, அடிக்குழாயின் கீழ்ப்பக்கம் இரு முனையிலும் 6 மி.மீ. துளை போடுங்கள். தேங்கிய நீர் வடிய வழி கிடைக்கும்.

பிறகு கடல்காற்றில் படிந்த உப்பை நல்ல தண்ணீரில் கழுவிக் காயவிடுங்கள். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். உப்பு மேல் அடித்த பெயிண்ட் கொப்புளித்து உரியும். கம்பி பிரஷ், 80-ஆம் நம்பர் எமரி தாள் போட்டுத் தேய்த்து, தின்னர் துணியால் துடைத்து, அன்றே பிரைமர் (பெயிண்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) அடித்துவிடுங்கள். ஓர் இரவு விட்டாலே கடல்காற்றில் மறுபடி துரு பூக்கும். கடலோரத்துக்கு ரெட் ஆக்சைடு பிரைமரைவிட எபாக்ஸி ஜிங்க் பாஸ்பேட் பிரைமர் நல்லது. அதன் மேல் பி.யூ. (பாலியூரித்தேன்) பெயிண்ட், மெல்லிசாக இரண்டு கோட்.