ரேடியோ மோடம்: சாவி யாரிடம் இருக்கும் என்று கேட்டீர்களா?

கேள்வி: எங்கள் ஆலைக்கு 3 கிலோமீட்டர் தள்ளிக் கிணறும் மோட்டாரும் இருக்கின்றன. டேங்க் நிரம்பினால் மோட்டார் தானாக நிற்க, கம்பியில்லாமல் கட்டளை அனுப்பும் ரேடியோ மோடம் வைக்கப் போகிறோம். 915 மெகாஹெர்ட்ஸ் இறக்குமதி மோடம் விலை குறைவு. 865 மெகாஹெர்ட்ஸ் மோடம் விலை அதிகம். இரண்டு சப்ளையர்களுமே 'பாதுகாப்பானது' என்கிறார்கள். எதை வாங்கலாம்?
- ஈரோடு மாவட்ட வாசகர்

பதில்: 915-ஐ விட்டுவிடுங்கள். அந்த அலைவரிசையில் உரிமம் இல்லாமல் இயக்கலாம் என்பது அமெரிக்கா போன்ற நாடுகளில்தான். இங்கே அந்தப் பகுதியில் செல்போன் நிறுவனங்கள் இருக்கின்றன. 865-இலிருந்து தொடங்கும் பட்டைதான் நமக்கு உரிமமின்றிக் கிடைப்பது. அதிலும் 1 வாட் உச்சவரம்பு உண்டு. அந்த மாடலுக்கு மத்திய அரசின் அலைவரிசைப் பிரிவான டபிள்யு.பி.சி.யின் ஈ.டி.ஏ. (கருவி வகை ஒப்புதல்) சான்று இருக்கிறதா என்று பில் போடுமுன் கேட்டு வாங்கிவிடுங்கள்.

சரி, பாதுகாப்புக்கு வருவோம். 'சிக்னல் அலைவரிசை மாறி மாறித் தாவும், யாராலும் பிடிக்க முடியாது' என்று விற்பனையாளர் சொன்னால் நம்ப வேண்டாம். அது முக்கியமாக ரேடியோ இரைச்சலைச் சமாளிக்கும் உத்தி. செய்தியை ரகசியச் சாவியால் பூட்டும் ஏ.இ.எஸ். குறியாக்கம் வேண்டும். சாவியின் நீளம் 128 பிட் தாராளமாகப் போதும், 256-க்காகக் கூடுதல் காசு தராதீர்கள். பழைய செய்தியை யாராவது பதிவுசெய்து திரும்ப அனுப்பினால் மோடம் அதை நிராகரிக்குமா என்றும் கேளுங்கள். மோட்டாரை இயக்கி நிறுத்தும் கட்டுப்பாட்டுக் கருவிகளான பி.எல்.சி.க்கள் பேசும் மோட்பஸ் என்ற தகவல் மொழி 1979-இல் வந்தது. கட்டளை அனுப்புவது யார் என்று அது விசாரிப்பதே இல்லை.

இதையெல்லாம்விட முக்கியம், சாவி யாரிடம் இருக்கிறது என்பது. ஆஸ்திரேலியாவின் மரூச்சி ஷையரில் 2000-ஆம் ஆண்டு நடந்ததைச் சொல்கிறேன். கழிவுநீர் நிலையங்களுக்கு ரேடியோ கட்டுப்பாட்டை நிறுவிக் கொடுத்த ஒப்பந்த நிறுவனத்தில் வேலை பார்த்தவர், வேலையை விட்ட பிறகு, லேப்டாப்பும் ரேடியோ கருவியும் காரில் வைத்துக்கொண்டு பம்புகளுக்குக் கட்டளை அனுப்பினார். சுமார் 8 லட்சம் லிட்டர் கழிவுநீர் பூங்காக்களிலும் ஆறுகளிலும் கலந்தது. அவருக்கு 2 ஆண்டு சிறை. அமைப்பை உள்ளும் புறமும் அறிந்தவர் அவர், வெளியாள் இல்லை.

அதனால் வேலை முடிந்த அன்றே குறியாக்கச் சாவியையும் கடவுச்சொல்லையும் நீங்களே மாற்றுங்கள். பல மோடம்களில் குறியாக்கம் அணைந்த நிலையில்தான் வரும், எனவே அது 'ஆன்' ஆகியிருக்கிறதா என்று கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லா வாடிக்கையாளருக்கும் ஒரே சாவியைப் போடும் சப்ளையர் என்றால், வேறு ஆளைப் பாருங்கள். சாவியை எப்படி மாற்றுவது என்று எழுதித் தருவதையும் கோட்டேஷனிலேயே சேர்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம் ஆன்டெனா. 3 கிலோமீட்டருக்கு நடுவழியில், இரண்டு ஆன்டெனாக்களையும் இணைக்கும் நேர்கோட்டுக்குக் கீழே சுமார் 10 மீட்டர் காலியாக இருப்பது நல்லது. இடையில் தென்னந்தோப்பு இருந்தால் கம்பத்தை உயர்த்துங்கள், இடிதாங்கியும் வையுங்கள்.

சிக்னல் அறுந்தால் மோட்டார் தானே நின்றுவிடும்படி பி.எல்.சி.யில் அமைக்கச் சொல்லுங்கள். டேங்கில் மிதவை சுவிட்ச் ஒன்றும் இருக்கட்டும். அது உள்வாய் வால்வை நேரடியாக மூட வேண்டும், ரேடியோவை நம்பியிருக்கக் கூடாது. வால்வு மூடியதும் குழாயில் அழுத்தம் ஏறும் என்பதால், அப்போது மோட்டாரை நிறுத்த கிணற்றுப் பக்கம் ஒரு பிரஷர் சுவிட்ச் தேவைப்படும்.