தந்தையின் அம்மோனைட்டுகள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

அரியலூர், பெரம்பலூர் வட்டாரத்துப் பழைய கடற்படிவுகளைப் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். என் தந்தை பெரம்பலூர் மாவட்டத்தில் அறிவியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். விடுமுறை நாள்களில் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு காரை கிராமத்தை ஒட்டிய ஓடைகளுக்குப் போய், சுருள் சுருளாக இருக்கும் அம்மோனைட் கற்களைப் பொறுக்கி வருவார். சென்ற ஆண்டு அவர் காலமானார். வீட்டை ஒழித்தபோது இரண்டு அட்டைப் பெட்டிகள் நிறைய அந்தக் கற்கள் கிடைத்தன. சிலவற்றில் வெள்ளைப் பெயிண்டால் எண் எழுதியிருக்கிறார். பெரும்பாலானவை உடைந்த துண்டுகள். பலவற்றில் இன்னும் மண் ஒட்டியிருக்கிறது.

இவற்றுக்கு அறிவியல் மதிப்பு ஏதேனும் உண்டா? முழுதாக இருக்கும் நான்கைந்தை மட்டும் நன்றாகத் தேய்த்துக் கழுவி, வார்னிஷ் பூசி அலமாரியில் வைத்துக்கொள்ளலாம் என்கிறார் என் கணவர். இணையத்தில் நல்ல விலைக்குப் போகும் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். கல்லூரியில் படிக்கும் என் மகனோ, இயற்கையில் கிடந்ததை எடுத்து வந்ததே தவறு என்கிறான். அவனுக்கு நான் என்ன பதில் சொல்வது?

ம., சென்னை

அன்புள்ள ம. அவர்களுக்கு,

இந்தப் பதிலைப் படித்து முடிக்கும்வரை அந்தக் கற்களின்மேல் தண்ணீர் பட வேண்டாம் என்று முதலில் கேட்டுக்கொள்கிறேன். வார்னிஷ் எப்போதுமே வேண்டாம். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

உங்கள் தந்தை சென்ற காரையின் களிமண் மேடுகள் ஏறத்தாழ பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியாக இருந்தவை. அம்மோனைட்டுகள் அந்தக் கடலில் வாழ்ந்த, கணவாய்க்கு உறவான ஓட்டு உயிரினங்கள். ஓடு சுருளச் சுருள, உயிர் முன்னால் நகர்ந்து, பின்னால் விட்டுவந்த இடத்தைத் தடுப்புச் சுவரால் அடைத்துக்கொண்டே போகும். உங்களிடம் உள்ளவற்றில் மேலோடு உதிர்ந்துபோன ஒன்றை எடுத்துச் சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். சுருளின் குறுக்கே, கொத்தமல்லி இலையின் ஓரம்போல நுணுக்கமாக நெளிந்து செல்லும் கோடுகள் தெரியும். தடுப்புச் சுவர்கள் ஓட்டைத் தொட்ட இடம் அது. அந்த நெளிவும், ஓட்டின்மேல் உள்ள வரிகளும் புடைப்புகளும் இனத்துக்கு இனம் வேறுபடும். ஓர் ஆய்வாளர் கல்லைக் கையில் வாங்கியதும் முதலில் தேடுவது இவற்றைத்தான். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கும்போது முதலில் காணாமல் போவதும் இவையே.

அம்மோனைட் இனங்கள் வேகமாக உருமாறின. கடல்வழியே வெகுதூரம் பரவின. ஓர் இனம் நிலவியல் கணக்கில் சொற்பக் காலமே இருந்து மறைந்தது. ஆகவே இன்ன இனம் கிடைக்கும் அடுக்கு இன்ன காலத்தது என்று அதை வைத்தே சொல்லிவிட முடிகிறது. 1850களில் ஜெர்மானியரான ஆல்பர்ட் ஓப்பெல், ஜுராசிக் பாறைகளைப் பல மண்டலங்களாகப் பிரித்தபோது பெரிதும் அம்மோனைட்டுகளையே அளவுகோலாகக் கொண்டார். அந்த முறை திருத்தங்களோடு இன்றும் பயன்பாட்டில் உள்ளது. அவை இல்லாமல் போவதும் ஒரு தகவலே. அரியலூர்ப் பகுதியில் மேலே நின்னியூர் அடுக்குகளுக்கு வந்துவிட்டால் இன்றும் கடலில் வாழும் சுருளோட்டு உயிரான நாட்டிலஸின் உறவு ஹெர்கோகுளோசா கிடைக்கிறது, அம்மோனைட் கிடைப்பதில்லை. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசர்களோடு சேர்ந்து அவையும் அற்றுப்போன எல்லையை நாம் தாண்டிவிட்டோம் என்று அதற்குப் பொருள்.

இதிலிருந்து உங்கள் முதல் கேள்விக்கான விடையும் வந்துவிடுகிறது. ஓர் அம்மோனைட்டின் அறிவியல் மதிப்பில் பெரும்பகுதி அது எந்த இடத்தில், எந்த அடுக்கில் கிடைத்தது என்ற குறிப்பில் இருக்கிறது. இது ஏட்டளவில் சொல்லும் நியாயம் இல்லை என்பதற்கு நம் பகுதியின் வரலாறே சான்று.

தென்னிந்திய அம்மோனைட்டுகளை முதன்முதலில் கணிசமாகத் திரட்டிய கேய், கன்லிஃப் என்ற இருவரும் நிலவியலாளர்கள் அல்லர். சென்னை மாகாண அரசுப் பணியில் இருந்த அதிகாரிகள். புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளில் அவர்கள் சேர்த்து அனுப்பியவற்றை லண்டனில் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் ஆராய்ந்து 1846இல் வெளியிட்டார். இந்திரா, சூர்யா, பிரம்மா என்று அவர் சூட்டிய இனப்பெயர்கள் இன்றும் வழக்கில் உள்ளன. வடிவங்களை அவர் விவரித்த விதத்தில் குறையில்லை. ஆனால் எது எதற்கு மேலே கிடந்தது என்று சொல்ல அவர் கையில் எதுவும் இல்லை. வடிவ ஒப்புமையை மட்டும் வைத்துக்கொண்டு, புதுச்சேரிப் படிவுகளைக் கிரெட்டேசியஸ் காலத்தின் (ஏறத்தாழ 14.5 கோடி முதல் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்வரை) தொடக்கத்தைச் சேர்ந்தவை என்று கணித்தார். பிரெஞ்சு அறிஞர் தோர்பிஞி அதை மறுத்து, அவை பிற்காலத்தவை என்றார். பிறகு இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் ஹென்றி பிளான்ஃபோர்டு இந்தப் பகுதியை நடந்து அளந்து 1862இல் வெளியிட்டார். அதே துறையின் ஸ்டோலிஸ்கா அம்மோனைட்டுகளை விரிவாக வகைப்படுத்தினார். அதன் பின்னும் புதுச்சேரி விவகாரம் முழுதாகத் தீரவில்லை. 1890களில் வார்த் என்பவர் அங்கே அடுக்கு அடுக்காகப் பிரித்துச் சேகரித்து, அவற்றை ஃபிரான்ஸ் காஸ்மட் ஆராய்ந்த பிறகே அப்படிவுகள் கிரெட்டேசியஸின் இறுதிக் கட்டத்தவை என்பது உறுதியாயிற்று. ஃபோர்ப்ஸின் கணிப்புக்கும் இதற்கும் இடையே ஐந்து கோடி ஆண்டுக்குமேல் வேறுபாடு. அதே ஊர், அதே வகைக் கற்கள். அடுக்குக் குறிப்பு வந்து சேர்ந்ததுதான் வேறு.

காஸ்மட்டின் பெயரைத் தாங்கிய அம்மோனைட் குடும்பம் ஒன்று உண்டு. அதன் உறுப்பினர்கள் திருச்சிப் பகுதியிலும் மடகாஸ்கரிலும் அண்டார்டிகாவிலும் கிடைக்கின்றன. இந்த நிலங்களின் கரைகளுக்கிடையே அன்று கடல்வழித் தொடர்பு எப்படி இருந்தது என்பதை ஆராய அவை உதவுகின்றன. அதற்கும் ‘திருச்சி அருகே’ என்ற அளவிலான குறிப்பு போதாது.

எனவே உங்கள் கடிதத்தில் என் கவனத்தை இழுத்தது அந்த வெள்ளைப் பெயிண்ட் எண்கள். ஒருவர் கல்லில் எண் எழுதுகிறார் என்றால் அந்த எண்ணுக்கு நேரே எங்கோ ஒரு குறிப்பு எழுதியிருக்கிறார். பழைய நாட்குறிப்பு, வகுப்பேட்டின் பின்பக்கம், வரைபடத் தாள், எதுவாகவும் இருக்கலாம். பழைய காகிதம் என்று எடைக்குப் போடும் முன் எல்லாவற்றையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். அது கிடைத்தால், பெட்டியில் உள்ள எந்தக் கல்லையும்விட அதற்குத்தான் மதிப்பு அதிகம். கிடைக்கவில்லையென்றால், அன்று அவரோடு ஓடைக்குச் சென்ற மாணவர்களில் யாரையாவது பிடியுங்கள். ஓடையின் பெயரோ, ஒரு கோயில் அல்லது பாலத்திலிருந்து எந்தத் திசையில் எவ்வளவு தூரம் என்பதோ தெரிந்தால்கூட, இன்றைய நிலவியல் வரைபடத்தில் தேடவேண்டிய பரப்பு வெகுவாகக் குறையும்.

எண் எழுதாத கற்களுக்கும் ஒரு வழி உண்டு. கழுவ வேண்டாம் என்று நான் சொன்னது இதற்காகவே. சுருளின் வாய்ப்பகுதியிலும் இடுக்குகளிலும் ஒட்டியிருக்கும் களிமண்ணில், நுண்ணோக்கியில் மட்டும் தெரியும் ஓட்டுயிர்களின் எச்சங்கள் இருக்கக்கூடும். ஒரு சிட்டிகை மண் போதும். அந்த நுண்ணுயிர்களை வைத்து எந்தக் கால அடுக்கு என்று கணிக்கும் வாய்ப்பு இருக்கிறது. மண் போய்விட்டால் அதுவும் போயிற்று. வார்னிஷ் வரிகளின் பள்ளங்களை நிரப்பிவிடும், நாளடைவில் மஞ்சளிக்கும். கறை போக வினிகர், எலுமிச்சை என்று இறங்கினால் சுண்ணாம்பு ஓடு கரைந்தே போகும். கல்லின் அழகுக்குத் தூசி தட்ட வேண்டுமென்றால் உலர்ந்த மென்மையான தூரிகை போதும்.

உடைந்த துண்டுகளை ஒதுக்குவது வீட்டு அலமாரிக்குச் சரி, ஆய்வுக்குச் சரியில்லை. ஒரே அடுக்கில் கிடைத்த பெரியது, சிறியது, குஞ்சு, துண்டு எல்லாம் சேர்ந்தால்தான் ஓர் இனத்துக்குள் எவ்வளவு வேறுபாடு இருந்தது என்று தெரியும். அம்மோனைட்டுகளில் பெரியதும் சிறியதுமாக ஒரே அடுக்கில் இணைந்து வருபவற்றை நெடுங்காலம் தனித்தனி இனங்களாகப் பெயரிட்டு வந்தார்கள். அவை ஒரே இனத்தின் இருபால்கள் என்ற கருத்தை 1960களின் தொடக்கத்தில் போலந்தில் மகோவ்ஸ்கியும் இங்கிலாந்தில் ஜான் கலோமனும் வலுவாக முன்வைத்தார்கள். கலோமன் தொழிலால் வேதியியல் பேராசிரியர். அம்மோனைட் அவருக்கு ஓய்வுநேர ஈடுபாடு. உங்கள் தந்தையைப் போன்றவர்களைத் தொழில்முறை ஆய்வாளர்கள் ஏன் மதிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

இனி உங்கள் மகனின் கேள்வி. இருந்த இடத்திலேயே விடவேண்டும் என்பது கல்வெட்டுக்கும் கோயில் சிற்பத்துக்கும் பொருந்தும். காரை ஓடைக்கு அப்படியே பொருந்தாது. அங்கே களிமண் ஒவ்வொரு மழைக்கும் அரிந்துகொண்டே இருக்கிறது. வெளியே தலைகாட்டிய அம்மோனைட் வெயிலில் விரிசல்விட்டு, மழையில் உருண்டு, சில பருவங்களில் சல்லியாகிவிடும். இங்கிலாந்தின் லைம் ரீஜிஸ் கடற்கரையிலும் இதே நிலைமைதான். மேட்டிலிருந்து சரிந்து விழுவதை யாரும் எடுக்காவிட்டால் அலை கொண்டுபோய்விடும். அதனால் அந்தக் கரையில் விழுந்து கிடப்பதைப் பொறுக்க அனுமதித்து, முக்கியமானது கிடைத்தால் பதிவு செய்யச் சொல்லி ஒரு நெறிமுறை வைத்திருக்கிறார்கள். எனக்கு அது நியாயமாகப் படுகிறது. இந்தியாவில் நிலவியல் மரபிடங்களையும், புதைபடிவங்கள் உள்ளிட்ட நிலவியல் எச்சங்களையும் பாதுகாக்கச் சட்டம் கொண்டுவர 2022இல் ஒரு வரைவு வெளியானது.

ஆனால் மகன் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. ஓடைத் தரையில் உருண்டு கிடந்ததை எடுப்பது வேறு, அடுக்கில் பதிந்திருப்பதைச் சுத்தியலால் அடித்துப் பெயர்ப்பது வேறு. ஓடைத் தரையில் கிடப்பது மேலேயுள்ள பல அடுக்குகளிலிருந்து வந்து கலந்தது. அது தன் இடத்தை முன்பே பாதி இழந்துவிட்டது. அடுக்கில் இருப்பதோ இன்னும் முழுத்தகவலோடு இருக்கிறது. அதைப் பெயர்ப்பவர் குறிப்பெடுக்காவிட்டால், மழை செய்யாத சேதத்தை அவர் செய்கிறார். மூட்டை மூட்டையாக வாரிக்கொண்டு போகும் வியாபாரிகளை நான் எந்த நிலையிலும் ஆதரிக்க மாட்டேன். உங்கள் தந்தை மாணவர்களைக் கூட்டிப்போய், பொறுக்கி, எண்ணிட்டு வைத்தார். 2020இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னம் அருகே ஏரியில் மண் அள்ளியபோது கிடைத்த உருண்டைக் கற்களை டைனோசர் முட்டைகள் என்று ஊரே நம்பியது. அவை அம்மோனைட்டைச் சுற்றி இறுகிய படிவ உருண்டைகள் என்று விவரம் தெரிந்தவர்கள் பிறகு விளக்கவேண்டியிருந்தது. ஒவ்வொரு ஊரிலும் அப்படி ஓர் அறிவியல் ஆசிரியர் இருந்திருந்தால் அந்தக் குழப்பம் ஒரு பொழுதுக்குமேல் நீடித்திருக்காது.

விலையைப் பொறுத்தவரை, தெரிந்தவர் இணையத்தில் பார்த்திருக்கக்கூடியவை மடகாஸ்கரிலிருந்தும் மொராக்கோவிலிருந்தும் வரும், இரண்டாக அறுத்து மெருகேற்றிய கற்கள். அலங்காரப் பொருளுக்கான விலை அது. மெருகில்லாத, உடைந்த காரைத் துண்டுகளுக்குச் சந்தையில் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. தனித்தனியாக விற்றால் எண்களும் சிதறிப்போகும்.

என் யோசனை இதுதான். ஒவ்வொரு கல்லையும் எண் தெரியும்படி, பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படமெடுங்கள். தனித்தனியாகச் செய்தித்தாளில் சுற்றி, தெரிந்த விவரத்தைச் சீட்டில் எழுதி உள்ளே வையுங்கள். தெரியாததற்கு ‘இடம் தெரியவில்லை’ என்றே எழுதுங்கள். ஊகித்து எழுதும் ஊர்ப்பெயர் வெற்றுச் சீட்டைவிடக் கெடுதல். பிறகு அரியலூர் அருகே வாரணவாசியில் உள்ள அரசுப் புதைபடிவ அருங்காட்சியகத்தையோ, நிலவியல் துறை உள்ள ஒரு பல்கலைக்கழகத்தையோ அணுகி, இரண்டு பெட்டிகளையும் பிரிக்காமல் தந்தையின் பெயரில் ஒரே சேகரிப்பாக ஏற்பார்களா என்று கேளுங்கள். ஒப்படைக்கும்போது பட்டியலில் கையொப்பமும் பதிவேட்டு எண்ணும் வாங்கிக்கொள்ளுங்கள். நினைவுக்கு ஒன்றை வீட்டில் வைத்துக்கொள்ள விரும்பினால், எண் எழுதாதவற்றில் முழுதாக உள்ள ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். அதிலும் மண் ஒட்டியிருந்தால் அதை மட்டும் சுரண்டி ஒரு சிறு உறையில் போட்டுப் பெட்டியோடு கொடுத்துவிடுங்கள்.