பாராட்டு மட்டும் எழுதினால் புரமோஷன் வராது

கேள்வி: டல்லாஸில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டீம் மேனேஜராக இருக்கிறேன். என் டீமில் 7 ஆண்டு அனுபவமுள்ள ஒரு கறுப்பினப் பெண் இன்ஜினியர் இருக்கிறார். எல்லா ரிவ்யூவிலும் பாராட்டு, ஆனால் 2 முறை புரமோஷன் தவறிவிட்டது. கறுப்பின ஊழியர் குழுவை நடத்துவதும் புதிதாகச் சேரும் பெண்களுக்கு வழிகாட்டுவதும் அவர்தான். “எனக்குப் பின்னால் வருகிறவர்களுக்கு வழி திறந்து வைத்துவிட்டுப் போக வேண்டும்” என்கிறார். நான் என்ன செய்யலாம்?

பதில்: அவரை இன்னொரு தலைமைப் பயிற்சி வகுப்புக்கு அனுப்பாதீர்கள். 7 ஆண்டு பாராட்டு வாங்கியவருக்குத் திறமையில் என்ன குறை இருக்கப்போகிறது? புரமோஷன் முடிவாகும் கூட்டத்தில் அவர் இருக்க மாட்டார். அங்கே அவருக்காக எடுத்துப் பேச யாரிடமும் ஆதாரம் இல்லை. அதைச் சேர்த்துக் கொடுப்பது உங்கள் பொறுப்பு. மெக்கின்சி என்ற நிர்வாக ஆலோசனை நிறுவனமும், வேலையில் பெண்களின் முன்னேற்றத்துக்கான லீன்இன் அமைப்பும் 2023-ல் வெளியிட்ட ஆய்வுப்படி, முதல் மேனேஜர் பதவிக்கு 100 ஆண்கள் உயர்ந்தால் அதே கணக்கில் கறுப்பினப் பெண்கள் 54 பேர்தான் உயர்கிறார்கள். அடைப்பு முதல் படியிலேயே இருக்கிறது.

மேரி ஜாக்சனின் கதையில் ஒரு மேனேஜர் கற்க நிறைய உண்டு. 1951-ல் வர்ஜீனியாவின் லாங்லி விமான ஆய்வுக்கூடத்தில் (பின்னாளில் நாசாவின் பகுதி), கறுப்பினப் பெண்களுக்கென ஒதுக்கிய கணக்கீட்டுப் பிரிவில் சேர்ந்தார். 2 ஆண்டு கழித்து சார்னெக்கி என்ற பொறியாளரின் குழுவில் வேலை கிடைத்தது. விமான மாதிரிகள் மீது காற்றை வேகமாகச் செலுத்திப் பார்க்கும் 60,000 குதிரைத்திறன் காற்றுச் சுரங்கத்தில் அவரையே நேரடியாகச் சோதனைகள் செய்யவிட்டார் சார்னெக்கி. பொறியாளர் பயிற்சியில் சேரும்படியும் சொன்னார். வகுப்புகள் நடந்தது வெள்ளையர் மட்டும் படித்த பள்ளியில். உள்ளே போக ஜாக்சன் ஹாம்ப்டன் நகர நிர்வாகத்திடம் தனி அனுமதி வாங்க வேண்டியிருந்தது. 1958-ல் நாசாவின் முதல் கறுப்பினப் பெண் பொறியாளர் ஆனார். அதே ஆண்டு வந்த ஆய்வறிக்கையில் சார்னெக்கியின் பெயரோடு அவர் பெயரும் இருந்தது.

நீங்களும் அதே வரிசையில் போங்கள். அடுத்த ரிவ்யூவுக்கு குறைந்தது 6 மாதம் முன்பே, வருமானத்தையோ வாடிக்கையாளரையோ நேரடியாகத் தொடும் ஒரு புராஜெக்ட்டை அவர் பெயரில் கொடுங்கள். ஏற்கெனவே தடுமாறிக்கொண்டிருக்கும் புராஜெக்ட்டைத் தூக்கிக் கொடுத்துவிட்டு “நல்ல வாய்ப்பு” என்று சொல்லிவிடாதீர்கள். ஆட்கள் எத்தனை, பட்ஜெட் எவ்வளவு, எந்தத் தேதிக்குள் என்பதை எழுத்தில் வாங்கிய பிறகு கொடுங்கள். மேலதிகாரிகளுக்கு விளக்கும் கூட்டத்தில் ஸ்லைடைக் காட்டிப் பேசுவது அவராகவே இருக்கட்டும்.

பிறகு ரிவ்யூ வாசகம். “டீமுக்கு நல்ல துணை, எப்போதும் உதவத் தயார்” என்று எழுதினால் படிக்கிறவர் தலையாட்டிவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுவார். “4 பேரை வைத்து பில்லிங் மாற்றத்தைக் குறித்த தேதியில் முடித்தார்; இரவில் வரும் அவசர அழைப்புகள் பாதியாகக் குறைந்தன” என்பதுபோல் எழுதுங்கள்: முடிவெடுத்தவர் யார், என்ன மாறியது, எவ்வளவு. இதற்கான குறிப்பை மாதம் ஒருமுறை 15 நிமிடம் இருவரும் உட்கார்ந்து எழுதிவைத்தால், ஆண்டுக் கடைசியில் நினைவை நம்பி எழுத வேண்டியிருக்காது.

கூட்டத்தில் யாராவது “அவங்க டோன் கொஞ்சம் கடுமை” என்பார்கள். கறுப்பினப் பெண் என்றாலே கோபக்காரி என்ற பழைய முத்திரை அமெரிக்க அலுவலகங்களில் இன்னும் வேலை செய்கிறது. எந்தக் கூட்டம், எந்த வாக்கியம், அதனால் வேலைக்கு என்ன பாதிப்பு என்று அங்கேயே கேளுங்கள். பதில் வராவிட்டால், அதை ரிவ்யூவில் சேர்க்கக் கூடாது என்று சொல்லுங்கள். முடி அலங்காரத்தைப் பற்றிய கருத்துக்கும் இடம் கொடுக்காதீர்கள். இயற்கையான கூந்தலையும் பின்னலையும் காரணமாக்கிப் பாகுபாடு காட்டுவதை டெக்சாஸ் 2023-லேயே சட்டத்தால் தடுத்துவிட்டது.

நீங்கள் ஒருவர் பேசினால் போதாது. அந்த அறையில் உங்களைவிட மேலே இருக்கும் ஒருவர் அவருடைய வேலையை நேரில் பார்த்திருக்க வேண்டும். ஜெராக்ஸில் 1980-ல் கோடைக்கால இன்டர்னாகச் சேர்ந்த உர்சுலா பர்ன்ஸை, 1990-ல் வேலண்ட் ஹிக்ஸ் என்ற மூத்த அதிகாரி தன் நிர்வாக உதவியாளராக எடுத்துக்கொண்டார். அடுத்து தலைமை அதிகாரி பால் அலேரும் அதேபோல் எடுத்துக்கொண்டார். பெரிய முடிவுகள் எடுக்கப்படும் இடத்திலேயே பர்ன்ஸ் இருந்தார். 2009-ல், ஃபார்ச்சூன் 500 என்ற அமெரிக்காவின் மிகப்பெரிய நிறுவனங்களின் பட்டியலில் உள்ள நிறுவனமொன்றின் முதல் கறுப்பினப் பெண் தலைமை அதிகாரி ஆனார்.

நம்மவர்களுக்கென்று ஒரு வார்த்தை. மதியச் சாப்பாட்டு மேஜையில் தமிழிலோ தெலுங்கிலோ பேசிக்கொண்டே யாருக்கு எந்த புராஜெக்ட் என்று முடிவாகிவிடுகிறது. அந்த மேஜையில் அவர் இல்லை. வேலை சம்பந்தமான பேச்சை எல்லாரும் இருக்கும் கூட்டத்துக்குக் கொண்டுபோங்கள்.

அவர் திறந்து வைக்க நினைக்கும் வழிக்கு வருவோம். ஊழியர் குழுவுக்கும் வழிகாட்டலுக்கும் வாரம் எத்தனை மணி நேரம் போகிறது என்று அவரிடமே கேளுங்கள். அது கணக்கில் வராத உழைப்பு. இன்னொருவர் அதே நேரத்தில் புரோகிராம் எழுதிப் பெயர் வாங்குகிறார். அந்த வேலையை ஆண்டு இலக்குகளில் ஒன்றாக, நேரமும் பட்ஜெட்டும் குறித்து எழுதச் சொல்லுங்கள். முடியாது என்று நிறுவனம் சொன்னால் குறைத்துக்கொள்வது அவர் உரிமை. மேரி ஜாக்சன் 1979-ல் பொறியாளர் பதவியிலிருந்து ஒரு படி இறங்கி, பெண்களை வேலைக்கு எடுப்பதையும் உயர்த்துவதையும் கவனிக்கும் பொறுப்பை ஏற்றார். அதுவே அவருடைய முழுநேர வேலையாக, பதவிப் பெயரோடு இருந்தது.

ஹெச்.ஆர். தரும் கணக்கையும் சரியாகக் கேளுங்கள். ஜெனரல் மோட்டார்ஸ் மீது 5 கறுப்பினப் பெண்கள் தொடுத்த வழக்கில், இனத்தையும் பாலினத்தையும் சேர்த்துப் பார்க்க 1976-ல் நீதிமன்றம் மறுத்தது. பெண்கள் என்ற கட்டத்தை வெள்ளையினப் பெண்களும், கறுப்பினத்தவர் என்ற கட்டத்தை ஆண்களும் நிரப்பினார்கள்; நடுவில் இவர்கள் காணாமல் போனார்கள். சட்டப் பேராசிரியர் கிம்பர்லே கிரென்ஷா 1989-ல் இந்த வழக்கைத்தான் அலசினார். புரமோஷன் கணக்கை இனம், பாலினம் இரண்டையும் சேர்த்துப் பார்த்து, கறுப்பினப் பெண்களுக்கெனத் தனியாகத் தரச் சொல்லுங்கள்.

இனத்தைப் பார்த்துப் புரமோஷன் கொடுப்பதும் 1964 சிவில் உரிமைச் சட்டத்தின்படி சட்டவிரோதமே. ஆகவே மேலே சொன்ன குறிப்பேடு, வாசகம், கேள்விகள் எல்லாவற்றையும் உங்கள் டீமில் எல்லாருக்கும் ஒரே மாதிரி செய்யுங்கள்.

மூன்றாம் முறையும் மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்கி அவரிடம் கொடுங்கள். மத்திய வேலைவாய்ப்புச் சமவாய்ப்பு ஆணையத்தில் புகார் செய்ய 180 நாள்தான் அவகாசம். டெக்சாஸ் போல மாநில அமைப்பும் இருந்தால் 300 நாள். புகார் செய்தார் என்பதற்காக வேலையையோ ரிவ்யூவையோ குறைப்பது தனிச் சட்டமீறல். அவர் வேறு நிறுவனத்துக்குப் போக முடிவெடுத்தால் இழுத்துப் பிடிக்காதீர்கள். நீங்கள் சேர்த்துவைத்த அந்தக் குறிப்புகளை வைத்து, நிறுவன ரகசியம் எதுவும் இல்லாமல், எண்களோடு ஒரு பரிந்துரைக் கடிதம் எழுதிக் கொடுங்கள்.