பீடியை விட்டதும் குரல் மாறுகிறதே?

கேள்வி: தோவாளைப் பக்கம் ஒரு வில்லுப்பாட்டுக் குழுவில் வலத்தே, அதாவது முதன்மைப் பாடகராக, பாடுகிறேன். வயது 46. 20 வருடப் பீடிப் பழக்கத்தை விட்டு இரண்டு மாதம் ஆகிறது. அதற்கப்புறம்தான் சளியும் இருமலும் கூடிவிட்டன. குரலில் பழைய கனம் இல்லை. கரகரக்கிறது, மேலே போனால் உடைகிறது. 'ரெண்டு இழுப்பு இழுத்தா சரியாயிரும்' என்கிறார் குடம் அடிப்பவர். ஆடிக் கொடைத் திருவிழாவுக்கு நாலு கோயிலில் ஏற்றிருக்கிறேன். என்ன செய்ய?

பதில்: அண்ணாச்சி, அந்த ரெண்டு இழுப்பு மட்டும் வேண்டவே வேண்டாம்.

மூச்சுக்குழாயின் உள்சுவரில் மயிர்போல நுண்ணிழைகள் உண்டு. சளியை மேலே தள்ளிவிடுவது அவற்றின் வேலை. இத்தனை வருடம் புகை அவற்றை முடக்கிப் போட்டிருந்தது. இப்போது மறுபடி அசையத் தொடங்கி, தேங்கிய சளியை வெளியேற்றுகின்றன. சிலருக்கு இது சில வாரம், சிலருக்குச் சில மாதம் இருக்கும். பீடி பிடித்தால் இருமல் அடங்குவதுபோலத் தெரியும். இழைகள் திரும்பவும் படுத்துவிடுவதால் வரும் அமைதி அது.

குரலுக்கு வருவோம். புகையால் குரல் நாண்கள் நீர்கோத்துத் தடிக்கும். தடித்த நாண் மெதுவாக அதிரும், குரல் இறங்கும். ஊரார் மெச்சிய அந்தக் கனத்தில் ஒரு பங்கு வீக்கமாகவே இருந்திருக்கலாம். அது வற்ற வற்றச் சுருதி கொஞ்சம் ஏறும். பழைய சுருதிக் கட்டையையே பிடித்துத் தொங்காதீர்கள். ஆர்மோனியக்காரரை அரைக் கட்டை கூட்டியும் குறைத்தும் வாசிக்கச் சொல்லி, தொண்டை இறுகாத இடத்தில் நின்றுகொள்ளுங்கள்.

செருமும்போதெல்லாம் இரண்டு நாண்களும் ஒன்றோடொன்று மோதுகின்றன. செருமத் தோன்றினால் ஒரு வாய் வெந்நீரை மெதுவாக விழுங்குங்கள். பாடுவதற்கு முன், அரை டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவை இரண்டு விரல்கடை முக்கி, குமிழி வர 'ஊ' என்று கீழிருந்து மேலே இழுங்கள். ஐந்து நிமிடம் போதும். நாண்களை அதிகம் வருத்தாமல் குரலைச் சூடேற்றும் பயிற்சி இது.

பீடிக்குப் பதிலாக வெற்றிலையோடு புகையிலை போடுவதும் கூடாது. கொடை முடிந்து நடுச்சாமத்தில் வயிறு முட்டச் சாப்பிட்டு உடனே படுத்தால் புளிப்பு மேலேறித் தொண்டையைப் புண்ணாக்கும். அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி சொல்வதில் நான் கண்டிப்பு. புகைபிடித்தவருக்குக் கரகரப்பு மூன்று வாரம் தாண்டினாலே தொண்டையைப் பார்த்துவிட வேண்டும். உங்களுக்கு இரண்டு மாதம். பெரும்பாலும் பயப்பட ஒன்றும் இருக்காது, ஆனாலும் புற்று இல்லை என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் சொல்ல முடியும். இந்த வாரமே ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய், காது மூக்கு தொண்டைப் பிரிவில் நாண்களைக் காட்டுங்கள். சில நிமிட வேலைதான். சளியில் ரத்தம், விழுங்கச் சிரமம், கழுத்தில் கட்டி என்று ஏதாவது தெரிந்தால் ஒரு நாள்கூடத் தள்ளாதீர்கள்.

பீடி ஆசை தலைதூக்கினால் 1800-11-2356 என்ற இலவச எண்ணில் பேசுங்கள். நாலு கொடையில் இரண்டுக்காவது இடத்தே பாடுகிற துணைப் பாடகர் கதையை எடுத்துச் செல்லட்டும், நீங்கள் பின்பாட்டுப் பாடுங்கள். கோயில்காரர்களிடம் இப்போதே சொல்லிவிட்டால் அவர்களும் புரிந்துகொள்வார்கள்.