குதிரைப் பந்தய நுழைவுச்சீட்டு: எங்கே மலிவு, எங்கே கிடைக்காது?

துபாயில் இருபத்திரண்டு ஆண்டுகள் பயணச்சீட்டு வேலை பார்த்துவிட்டுக் கீழக்கரை திரும்பியவன் நான். பந்தயம் கட்டியதில்லை, பார்த்ததுண்டு. நுழைவுச்சீட்டு பற்றிய கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதில் சொல்கிறேன்.

கீழக்கரையிலிருந்து: காக்கா, மகன் துபாய் தேராவில் வேலை செய்கிறான். மார்ச் மாதம் அவனைப் பார்க்கப் போகும்போது துபாய் உலகக் கோப்பைப் பந்தயத்தையும் பார்க்க ஆசை. எங்களைப் போன்றவர்களுக்குக் கட்டுப்படியாகுமா?

கட்டுப்படியாகும், ஆனால் எந்த இடத்துக்குச் சீட்டு எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 1996-இல் நாத் அல் ஷெபா திடலில் தொடங்கிய இந்தப் பந்தயம் 2010 முதல் மெய்தான் திடலில் நடக்கிறது. வழக்கமாக மார்ச் மாதத்தின் கடைசிச் சனிக்கிழமைதான் என்றாலும் நோன்பும் பெருநாளும் குறுக்கிட்டால் தேதி நகரும். 2025-இல் ஏப்ரல் 5-க்குப் போனது. ஆகையால் விமானச்சீட்டு எடுக்கும் முன் தேதியை உறுதி செய்துகொள்ளுங்கள். அன்றைக்கு ஓடுதளத்தின் ஓரமாக நின்று பார்க்கும் சீட்டுதான் விலை குறைந்தது. நாற்காலி, சாப்பாடு, குளிரூட்டிய கூடம் என்று சேரச் சேர விலை பல மடங்காகும், உடைக் கட்டுப்பாடும் கூடும். குறைந்த விலைச் சீட்டுகளே முதலில் தீரும் என்பதால் விற்பனை தொடங்கிய வாரத்திலேயே மகனை எடுக்கச் சொல்லுங்கள். என்னைக் கேட்டால், குளிர்காலத்தில் அதே மெய்தானில் நடக்கும் சாதாரணப் பந்தய இரவுகளில் ஒன்றுக்குப் போகலாம் என்பேன். நான் போன நாட்களில் பொதுப் பகுதிக்குக் காசே வாங்கியதில்லை. குதிரையை அருகில் நின்று பார்ப்பதற்கு அந்த இரவே மேல். அந்தத் திடலில் பந்தயம் கட்டுவதற்கு இடமில்லை என்பதால் வீட்டில் பெரியவர்களிடம் சொல்லிவிட்டுப் போவதும் எளிது.

பாம்பனிலிருந்து: அண்ணே, தடைக்காலத்தில் படகு கரையில் கிடக்கும்போது இங்கிலாந்தில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்குப் போகிறோம். அந்த நேரத்தில் பெரிய பந்தயம் ஏதாவது உண்டா?

நல்ல பொருத்தம். தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை; எப்சம் டெர்பி ஜூன் முதல் சனிக்கிழமை. 1780 முதல் நடக்கும் அந்தப் பந்தயத்தை, ஓடுதளத்தின் உட்புறத்தில் இருக்கும் மேட்டில் பொதுமக்கள் பல தலைமுறைகளாகக் காசில்லாமல் நின்று பார்த்து வருகிறார்கள். அங்கே நடக்கும் இன்னொரு பெரிய பந்தயமான ராயல் அஸ்காட் அதற்குப் பிந்திய வாரங்களில் வரும். அப்போது நீங்கள் கடலில் இருப்பீர்கள். அஸ்காட்டில் பொதுமக்களுக்கான குயின் ஆன் பகுதிக்கே ஏறத்தாழ நூறு பவுண்டு ஆகும். அரச வளாகத்தில் உறுப்பினராகவோ, ஏற்கெனவே உறுப்பினராக உள்ளவர் முன்மொழிய வேண்டும். பணம் மட்டும் போதாது. ஒன்றை மறவாதீர்கள்: பந்தயச் சீட்டு கையில் இருப்பதால் விசா கிடைத்துவிடாது.

ஹாங்காங்கில் கல் வியாபாரம் செய்யும் கீழக்கரைக்காரர்: இங்கே ஹாப்பி வேலித் திடலில் புதன் இரவு பொதுப் பகுதிக்குப் பத்து டாலர்தான். அஸ்காட்டில் நூறு பவுண்டு என்கிறீர்கள். ஏன் இத்தனை வேறுபாடு?

இன்று வந்த கேள்விகளில் இதுவே எனக்குப் பிடித்தது. பத்து ஹாங்காங் டாலர் என்பது நம் பணத்தில் நூறு ரூபாயைச் சற்றே தாண்டும். ஜப்பானில் தோக்கியோ போன்ற பெரிய திடல்களில் சாதாரண நாட்களில் 200 யென். அதுவும் ஏறக்குறைய அதே தொகை. இரண்டு இடங்களிலும் பந்தயம் நடத்துபவரே பந்தயப் பணத்தையும் வசூலிக்கிறார். ஹாங்காங்கில் பந்தயங்களை நடத்தும் ஜாக்கி கிளப் தவிர வேறு யாரும் சட்டப்படி பந்தயப் பணம் வாங்க முடியாது; ஒரு பருவத்தில் அங்கே கட்டப்படும் தொகை 10,000 கோடி ஹாங்காங் டாலரைத் தாண்டும். வாசலில் வாங்கும் பத்து டாலர் அவர்களுக்கு ஒரு பொருட்டே அல்ல. நீங்கள் உள்ளே வந்தால் போதும். இங்கிலாந்தில் பந்தயப் பணம் பெரும்பாலும் தனியார் புக்கிகளிடம் போகிறது. அவர்களுடைய மொத்த இலாபத்தில் சுமார் 10 விழுக்காடு தீர்வையாகப் பந்தயத் துறைக்குத் திரும்புகிறது. எனவே திடல்காரர் வாசலில் வசூலித்தே ஆக வேண்டும்.

தொண்டியிலிருந்து ஓர் ஆசிரியர்: உங்கள் விதி அமெரிக்காவின் கென்டகியில் உடைகிறதே. அங்கே சர்ச்சில் டவுன்ஸ் திடலில் பந்தயப் பணத்தைத் திடல் நிறுவனமே வசூலிக்கிறது. ஆனால் கென்டகி டெர்பிக்கு நடுத்திடலில் நிற்கவே நூறு அமெரிக்க டாலருக்கு மேல்.

உடைகிறது, ஒப்புக்கொள்கிறேன். யார் வசூலிக்கிறார் என்று மட்டும் சொன்னேன், அந்த வசூல் யாருக்குப் போகிறது என்பதையும் சொல்லியிருக்க வேண்டும். ஹாங்காங் கிளப் இலாப நோக்கில்லாதது. சர்ச்சில் டவுன்ஸ் பங்குச் சந்தையில் உள்ள நிறுவனம், பங்குதாரர்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டியது. மேலும் 1875-இல் தொடங்கிய அந்த டெர்பி ஆண்டுக்கு ஒரே நாள், இப்போது மே முதல் சனிக்கிழமை, இரண்டே நிமிட ஓட்டம். 2015-இல் 1,70,513 பேர் வந்தார்கள். அவ்வளவு கூட்டம் தானாக வரும்போது விலையைக் குறைக்க எந்த நிறுவனமும் முன்வராது. இத்தனைக்கும் நடுத்திடலில் நிற்பவருக்குக் குதிரை சரியாகத் தெரிவதுமில்லை.

இராமநாதபுரத்திலிருந்து: இந்த வாரம் எந்தக் குதிரை ஜெயிக்கும்?

இக்கேள்விக்கு இங்கே இடமில்லை.

ஏர்வாடியிலிருந்து: துபாய் உலகக் கோப்பைக்குச் சீட்டு கிடைக்குமா?

முதல் பதிலைப் படிக்கவும்.

மண்டபத்திலிருந்து: சென்னை கிண்டியில், ஊட்டியில் நுழைவுக்கட்டணம் எவ்வளவு?

கட்டணத்தைக் கேட்கும் முன் பந்தயம் நடக்கிறதா என்று கேளுங்கள். 2024-இல் ஊட்டித் திடலை அரசு மீட்டுக்கொண்டது. அதே ஆண்டு செப்டம்பரில் கிண்டி நிலத்தின் குத்தகையையும் ரத்து செய்தது, அது வழக்காக நீதிமன்றத்துக்குப் போனது. சிங்கப்பூர் பற்றிக் கேட்டிருந்த உச்சிப்புளி அன்பருக்கும் சேர்த்தே சொல்கிறேன்: கிராஞ்சியில் 2024 அக்டோபர் 5-ஆம் தேதியோடு பந்தயம் நின்றுவிட்டது. இந்தியாவில் பெரிய பந்தயம் பார்க்க வேண்டுமென்றால் பிப்ரவரி முதல் ஞாயிறு மும்பை மகாலட்சுமியில் நடக்கும் இந்தியன் டெர்பிக்குப் போகலாம்.

தேவிபட்டினத்திலிருந்து: மெல்பர்ன் கோப்பைச் சீட்டைப் பாதி விலைக்குத் தருவதாக வாட்ஸ்அப்பில் ஒருவர் சொல்கிறார். அங்கே படிக்கும் தம்பிக்காக வாங்கலாமா?

வாங்காதீர்கள். மெய்தானுக்கு ஒருமுறை நானே அப்படி வாங்கினேன். அதே குறியீட்டைக் காட்டி எனக்கு முன்பே யாரோ உள்ளே போய்விட்டதாக வாசலில் சொன்னார்கள். என் மனைவியும் குழந்தைகளும் வண்டி நிறுத்துமிடத்திலேயே மூன்று மணி நேரம் இருந்தார்கள். விற்றவர் அன்றிரவே தொலைபேசி எண்ணை மாற்றிவிட்டார். திடலின் சொந்தத் தளத்தைத் தவிர வேறெங்கும் பணம் கட்டாதீர்கள். கோப்பை நடக்கும் நவம்பர் முதல் செவ்வாய் மெல்பர்னில் பொது விடுமுறை. 2003-இல் அன்றைக்கு 1,22,736 பேர் கூடினார்கள். தம்பி அந்தக் கோப்பை நடக்கும் ஃபிளெமிங்டன் திடலைப் பார்த்தால் போதுமென்றால் சாதாரணச் சனிக்கிழமை ஒன்றில் போகட்டும்.

மீண்டும் தொண்டி ஆசிரியர்: அப்படியானால் ஜப்பானிய டெர்பிக்கு 200 யென்னோடு நேரே போய்விடலாமா?

விடமாட்டீர்கள் போலிருக்கிறது. 1990-இல் தோக்கியோ திடலில் அந்த டெர்பிக்கு 1,96,517 பேர் திரண்டார்கள். இப்போது அதுபோன்ற பெரிய பந்தய நாட்களுக்கு நுழைவுச்சீட்டையும் முன்கூட்டியே இணையத்தில் எடுக்க வேண்டும், இருக்கைக்குக் குலுக்கல். இந்த முறை உங்களுக்கு முன்பே நான் ஒப்புக்கொள்கிறேன்: விலையை மட்டும் வைத்து நான் போட்ட கணக்கு இங்கேயும் போதவில்லை.

வேதாளையிலிருந்து: காக்கா, துபாய் உலகக் கோப்பைச் சீட்டு என்ன விலை?

முதல் பதில். மகனோ மருமகனோ அங்கே இருந்தால் அவரையே எடுக்கச் சொல்லுங்கள்; வாட்ஸ்அப்பில் வருபவரிடம் வேண்டாம்.