துருப்பிடித்த சைலன்சருக்கு வெப்பம் தாங்கும் பெயின்ற் அடித்தால் நிற்குமா?

கேட்டிருப்பது இதுதான்: பழைய காரின் சைலன்சர் வெளியே துருவேறிக் கிடக்கிறது, கடையில் விற்கிற வெப்பம் தாங்கும் ஸ்பிரே பெயின்றை வாங்கி வீட்டிலேயே அடித்தால் நிற்குமா, காசுக்குக் கேடா?

நிற்கும். ஆனால் துருவுக்கு மேலே அடித்தால் நிற்காது. ரின்னை நன்றாகக் குலுக்கி, காருக்குக் கீழே குனிந்து, கண்ணுக்குத் தெரிகிற பக்கத்துக்கு மட்டும் சில்வர் அடித்துவிட்டு எழும்பலாம் என்றுதான் நீங்களும் யோசித்திருப்பீர்கள். கோபிக்க வேண்டாம், நானும் அதைத்தான் செய்தேன். மாமியைப் பின் சீற்றில் வைத்துக்கொண்டு தம்பலகாமம் போகிற வழியில் வயல்வெளி முழுக்கப் புகை விட்டது அதனால்தான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் மெக்கானிக் இல்லை, பள்ளிக்கூட வாத்தியார். இருப்பது திருகோணமலையில், உப்புவெளியில். ஊரின் பெயரிலேயே உப்பு. வாடைக்காற்று காலத்தில் ஜன்னல் கம்பியைத் தடவி நாக்கில் வைத்தால் கரிக்கும். அதனால் கண்டியிலும் பதுளையிலும் இருப்பவர்கள் "எனக்குப் பத்து வருஷமாகத் துருவே இல்லையே" என்று எழுத வேண்டாம். உங்களுக்கு இருக்காதுதான்.

என் கார் 1991 ஆம் ஆண்டு நிசான் சனி. 2022 இல் பெற்றோல் இல்லாமல் வேப்பமரத்துக்குக் கீழே மாதக்கணக்கில் நின்றது. பற்றரி செத்துவிடக் கூடாதென்று ஒவ்வொரு ஞாயிறும் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் பண்ணி வைப்பேன். புத்திசாலித்தனம் என்றுதான் நினைத்தேன். அது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று பிறகுதான் தெரிந்தது, அதைப் பின்னால் சொல்கிறேன். பெற்றோல் கிடைத்து ஓட்டத் தொடங்கியபோது சைலன்சர் கருவாட்டுச் செதில் மாதிரி உரிந்து கொண்டிருந்தது, ஓர் ஓரத்தில் ஊசி போகிற அளவுக்கு ஒரு ஓட்டை.

ஹாட்வெயார் கடையில் கேட்டேன். நின்ற பெடியன் ஒரு சில்வர் ரின்னை எடுத்துத் தந்து "இது ஹீற்றுக்குத் தாங்கும் சேர்" என்றான். தாங்கும்தான், 200 பாகை வரைக்கும் என்று ரின்னின் பின்னால் சின்ன எழுத்தில் போட்டிருந்தது. அதைப் படிக்காதது என் பிழை, பெடியனைக் குறை சொல்ல மாட்டேன். ஓட்டைக்கு, காரின் பொடி (body) வேலைக்குப் போடுகிற பட்டி வைத்து அடைத்தேன். துருவை மேலோட்டமாக ஒரு தேய், அதற்கு மேலே சில்வர். பார்க்கப் புது வெள்ளிக்குடம் மாதிரி மினுங்கியது. அக்கம்பக்கத்தில் இரண்டு பேரைக் கூப்பிட்டு வேறு காட்டினேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை மாமியை ஆதிகோணநாயகர் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். பாலம்போட்டாறு பக்கம் போகும்போது "தம்பி, எங்கேயோ றப்பர் எரியிற மணம் வருது" என்றார் மாமி. வயலில் ஏதாவது கொளுத்துவார்கள் என்றேன். கண்ணாடியில் பார்த்தால் எங்களுக்குப் பின்னால்தான் புகை. நிறுத்தி இறங்கிக் குனிந்தால், பட்டி கரியாகித் தொங்குகிறது, பெயின்ற் கொப்புளம் கொப்புளமாக எழும்பிச் சொட்டுகிறது. வயலில் நின்ற இரண்டு பொடியன்கள் ஓடிவந்து, நான் வேண்டாம் வேண்டாம் என்று கத்தக் கத்த, வாய்க்கால் தண்ணீரை ஒரு வாளி அள்ளி ஊற்றினார்கள். சீறிக்கொண்டு ஆவி எழும்பியது. மாமி செருப்பையும் விட்டுவிட்டு வரம்பில் ஏறி நின்றார். அவர்கள் ஊற்றியது பின் சைலன்சரில், அதனால் தப்பித்தேன். என்ஜினோடு சேர்ந்திருக்கிற சூடான மனிஃபோல்டில் பட்டிருந்தால் வார்ப்பிரும்பு வெடிப்பு விட்டிருக்கலாம்.

"புதுசே வாங்கிப் போட்டிருக்கலாமே" என்று எழுதக் கை துறுதுறுக்கிறவர்களுக்கு: 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். சொந்தப் பாவனைக் கார்கள் திரும்ப வரத் தொடங்கியது 2025 இல்தான். இடையில் பழைய காரை வைத்திருந்த எல்லோரும் உதிரிப்பாகத்துக்குக் கொழும்புப் பஞ்சிகாவத்தைக்குத்தான் ஓடினோம். அங்கே என் காருக்குச் சொன்ன பழைய சைலன்சரின் விலையைக் கேட்டுவிட்டு, அதைத் தட்டிப் பார்த்தால் என்னுடையதே பரவாயில்லை என்றிருந்தது.

சரி, கிண்ணியாவில் ஒரு முஸ்லிம் நானா இருக்கிறார், நாற்பது வருஷமாகச் சைலன்சர் ஒட்டுகிற வேலைதான். காரைக் கொண்டுபோனேன். போகிற வழி சீனக்குடா. அங்கே காட்டுக்குள்ளே நிற்கின்றனவே எண்ணெய்த் தாங்கிகள், வெள்ளைக்காரன் கட்டியவை, 99. வெள்ளைக்காரன் கட்டியவற்றில் இன்னொன்று 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் தாக்கியபோது எரிந்துபோனது. சுற்றுலா வருகிறவர்கள் அதைப் படம் எடுப்பார்கள். நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் 2022 தான் ஞாபகம் வரும். 99 தாங்கி இருக்கிற ஊரில், இரவு இரண்டு மணிக்குப் பாயும் தலையணையுமாகப் போய் வரிசையில் படுத்தேன், கியூஆர் பங்கீட்டு முறை வந்த பிறகு காருக்கு வாரம் 20 லீற்றர். வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் கச்சான் காற்றுக்கால வெயிலில் மயங்கி விழுந்தார், தண்ணீர் கொடுத்து எழுப்பினால் முதல் கேட்டது "என்ர இடம் போயிற்றா?" அந்தத் தாங்கிகளை யாருக்கு எத்தனை வருஷக் குத்தகைக்குக் கொடுப்பது என்று மட்டும் எல்லோருக்கும் பேசத் தெரியும். இதற்கும் சைலன்சருக்கும் என்ன தொடர்பு என்று கேட்டால், அப்போது கார் ஓடியிருந்தால் இது துருப்பிடித்தே இருக்காது. அதுதான் தொடர்பு.

நானா குனிந்து பார்த்துவிட்டு, "என்ன மாஸ்டர், கிழவிக்குப் பவுடர் போட்டிருக்கீங்க?" என்றார். பிறகு ஞாயிற்றுக்கிழமை ஐந்து நிமிடக் கதையைச் சொன்னேன். தலையில் கை வைத்தார். ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாக வருகிறது. நீண்ட தூரம் ஓடினால் சைலன்சர் சூடாகி அதை வெளியே தள்ளிவிடும். ஐந்து நிமிடத்தில் சூடாகாது, ஆவி உள்ளேயே குளிர்ந்து தண்ணீராகித் தேங்கிவிடும், புகையில் இருக்கிற அமிலமும் அதில் சேரும். அதாவது வாராவாரம் நானே உள்ளே தண்ணீர் விட்டு வளர்த்திருக்கிறேன். ஆகவே வெளியே எவ்வளவு நல்ல பெயின்ற் அடித்தாலும் உள்ளேயிருந்து வருகிற துருவை அது நிறுத்தாது. உங்களுக்கும் வீடு, பள்ளிக்கூடம், சந்தை என்று இரண்டு கிலோமீற்றர் ஓட்டம்தான் என்றால் முதலில் இதை யோசியுங்கள். ஸ்குரூட்ரைவர் பிடியால் சைலன்சரைச் சுற்றிவரத் தட்டுங்கள். கணீர் என்றால் பெயின்றுக்குக் காசு செலவழிக்கலாம். சொத்தைத் தேங்காய் மாதிரிச் சத்தம் வந்தால் வேண்டாம்.

என்னுடையது ஓட்டை இருந்த ஓரத்தைத் தவிர மற்றதெல்லாம் கணீர் என்றது. நானா அந்த இடத்தை வெட்டித் தகடு வைத்து வெல்டிங்கில் ஒட்டித் தந்தார். வீட்டில் கிடந்த ஜீஐ பைப் துண்டைக் கொண்டுபோயிருந்தேன், கையாலும் தொடவில்லை. அதில் பூசியிருக்கிற நாகம், அதாவது சிங்க், ஒட்டும்போது புகையாகும், சுவாசித்தால் அன்று இரவு குளிர் காய்ச்சல் என்றார். மிச்ச வேலையை நீங்களே செய்யலாம் என்று சொல்லித்தான் அனுப்பினார், அந்தப் பெருந்தன்மைக்காகவே இதை எழுதுகிறேன்.

சைலன்சரைக் கழற்றித்தான் செய்ய வேண்டும். கழற்றாமல் அடித்தால் மேல்பக்கம் அப்படியே கிடக்கும், உப்புத் தண்ணீர் தங்குவது அங்கேதான். போல்ட்டுக்கு முதல்நாளே எண்ணெய் விட்டு ஊற வையுங்கள். ஜாக்கை மட்டும் நம்பிக் காருக்குக் கீழே போக வேண்டாம், இதில் மட்டும் நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அப்புறம் கிரைண்டரில் கம்பிப் பிரஷ் போட்டு, வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்க்க வேண்டும். எனக்கு ஒன்றரை நாள் போனது. கிரைண்டர் என்னுடையதுதான், ஆனால் அதை மச்சானிடமிருந்து திரும்ப வாங்க ஒரு கிழமை. தேய்த்த பிறகு 80 ஆம் நம்பர் சாண்ட் பேப்பர், பிறகு 120. இரும்பு கண்ணாடி மாதிரி வழுவழுப்பாக இருக்கக் கூடாது, பெயின்ற் பிடிக்கச் சின்னச் சுரசுரப்பு வேண்டும்.

எங்கள் கடற்கரைக்காரர்கள் கவனிக்க வேண்டியது கழுவுகிற தண்ணீர். எங்கள் கிணறு உவர். அதில் கழுவிக் காயவைத்தால் நீங்களே உப்புப் பூசியதாகிவிடும். குழாய்த் தண்ணீரில் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைத்து, தின்னரால் துடையுங்கள். துடைத்த பிறகு வெறுங்கையால் தொட வேண்டாம், கை எண்ணெய் பட்ட இடத்தில் பெயின்ற் பிடிக்காது. என் பெருவிரல் அடையாளம் ஒன்று இன்றைக்கும் பின்பக்கத்தில் இருக்கிறது. அதோடு, தேய்த்த இரும்பை இரவு வைத்துவிட்டுக் காலையில் அடிக்கலாம் என்று எண்ண வேண்டாம். இந்தக் காற்றில் விடிவதற்குள் மஞ்சள் பூத்துவிடும், நான் ஒருமுறை பூக்கவிட்டுத் திரும்பத் தேய்த்தேன்.

பெயின்ற் 600 பாகை என்று போட்டது வாங்குங்கள். என்ஜினோடு சேர்ந்த மனிஃபோல்டுக்கு என்றால் அதைவிடக் கூடியது வேண்டும். சாதாரண பிரைமர், பட்டி, துருவை மாற்றும் திரவம் எதுவும் கீழே வேண்டாம், எல்லாம் எரிந்து மேலே உள்ளதையும் தூக்கிக்கொண்டு போகும். ஓரடி தள்ளிப் பிடித்து மெல்லிசாக மூன்று தடவை, இடையில் கால் மணி நேரம். தடிப்பாக அடித்தால் கட்டாயம் கொப்புளிக்கும். சேருகிற முகப்பிலும் அடியில் தண்ணீர் வடிகிற சின்னத் துளையிலும் பெயின்ற் போகவிடாதீர்கள். புதிய கார் என்றால் ஒட்சிசன் சென்சரை மூடிக்கட்டிவிட்டு அடியுங்கள். திரும்பப் பூட்டும்போது புது கஸ்கெட் போடுங்கள், புகை கசிந்து காருக்குள் வந்தால் ஆளையே கொல்லும்.

இனித்தான் எல்லோரும் பிழை விடுகிற இடம். இந்தப் பெயின்ற் வெயிலில் காய்ந்தாலும் காய்ந்ததாகாது, நகத்தால் கீறினால் வரும். அதில் இருப்பது சிலிக்கோன் பிசின், 200 பாகைக்கு மேலே சூடேறினால்தான் இறுகும். ஆனால் ஒரேயடியாகச் சூடேற்றவும் கூடாது. 10 நிமிடம் என்ஜினை ஓடவிட்டு ஆறவிட்டேன், பிறகு 20 நிமிடம் விட்டு ஆறவிட்டேன். வெளியே நிறுத்தித்தான் செய்ய வேண்டும், மூடிய கராஜுக்குள் வேண்டவே வேண்டாம். புகையும் மணமும் வரும், பயப்படத் தேவையில்லை. பக்கத்து வீட்டு அக்கா கொடியில் காயப்போட்ட சேலைகளைப் பற்றிச் சொன்னதை இங்கே எழுத முடியாது. பின் சைலன்சர் நின்ற இடத்தில் அவ்வளவு சூடாகாது, அதனால் மூன்றாவது சூட்டுக்குக் கந்தளாய் தாண்டி ஹபரணை வரை ஒரே ஓட்டம் ஓடித் திரும்பினேன்.

இது 2023 ஆடியில் செய்தது. அதற்குப் பிறகு மாரியும் வாடையுமாகப் போய்விட்டன, நானா ஒட்டிய தையல் ஓரத்தில் ஐந்து ரூபாய்க் குற்றி அளவுக்கு ஒரு துருப்புள்ளி வந்திருக்கிறது, மற்றதெல்லாம் அப்படியே. அந்தப் புள்ளியை மட்டும் தேய்த்து அடிக்க வேண்டும், கிரைண்டர் மறுபடியும் மச்சான் வீட்டில். மாமி இப்போதும் காரில் வருகிறார். பின் சீற்றில் இரண்டு லீற்றர் தண்ணீர்ப் போத்தலை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவார். குடிக்கத்தான் என்கிறார்.