சாமுராய் மங்காவில் சாகாத வீரன், மாயப் புழு எல்லாம் எதற்கு? வளர்ந்தவர்கள் இதில் எதை ரசிக்கிறார்கள்?

உங்கள் வீட்டில் கணவரோ தம்பியோ இந்த ஜப்பானிய வாள்வீரர் சித்திரக்கதைகளை விழுந்து விழுந்து படிக்கிறார் என்று நினைக்கிறேன். "வளர்ந்தவர்கள்" என்ற சொல்லில் இருக்கும் குத்தல் எனக்கும் பட்டது. வயது 41.

நான்கு வருடம் முன்பு வண்டியிலிருந்து விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. மூன்றாவது வாரத்தில் கட்டுக்குள் அரிப்பு ஆரம்பித்தது. ஸ்கேலை உள்ளே விட்டால் டாக்டர் திட்டுவார், விடாவிட்டால் தூக்கம் கிடையாது. அப்படி ஒரு ராத்திரியில்தான் அக்கா மகன் விட்டுப்போன 'பிளேட் ஆஃப் தி இம்மார்டல்' முதல் தொகுதியை எடுத்தேன். ஹிரோஆகி சமுரா 1993 முதல் 2012 வரை தொடராக வரைந்தது, மொத்தம் 30 தொகுதி.

குடும்பத்தை அழித்தவர்களைப் பழிவாங்கக் கிளம்பும் ரின் என்ற பெண்ணுக்கு மான்ஜி என்பவன் காவல். எண்ணூறு வயதுப் பிக்குணி ஒருத்தி அவன் உடம்பில் புழுக்களை விட்டிருக்கிறாள். எங்கே வெட்டு விழுந்தாலும் அவை தைத்துவிடும். துண்டான கையை எடுத்து ஒட்டவைத்துக்கொள்வான். எனக்கோ காபி டம்ளரைக்கூடப் பிடிக்க முடியவில்லை. பொறாமையாகத்தான் இருந்தது.

ஆனால் இரண்டு தொகுதிக்குள் பொறாமை போய்விட்டது. ஆள் அடிக்கடி தோற்கிறான். சாகமாட்டோம் என்று தெரிந்தவன் வாளைத் தடுக்க ஏன் மெனக்கெடப் போகிறான்? வெட்டு வாங்கிக்கொண்டே வெட்டுகிறான், வலியும் வாங்குகிறான். ஆயிரம் கெட்டவர்களைக் கொன்றுவிட்டு நிம்மதியாகச் சாக வேண்டும், அதுதான் அவன் வேண்டுதல்.

இந்தக் கற்பனை அந்தரத்தில் தொங்கவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்தது. கடற்கன்னியின் இறைச்சியைத் தின்று எண்ணூறு வருடம் வாழ்ந்த பிக்குணி ஜப்பானிய நாட்டார் கதையில் இருக்கிறாள். கதை நடப்பது 1603இல் தொடங்கி 1868 வரை நீண்ட எடோ காலத்தில். பெரிய போர்கள் ஓய்ந்து, சாமுராய்களில் பலர் அரிசிச் சம்பளம் வாங்கும் குமாஸ்தாக்களாகிவிட்டார்கள். இடுப்பில் வாள் இருக்கிறது, அதற்கு வேலை இல்லை. பின்னால் ஒரு பகுதியில் சாகாமையின் ரகசியத்தைத் தேடி அரசாங்கமே மான்ஜியையும் கைதிகளையும் அறுத்துப் பார்க்கிறது. சமுரா அளந்துவிடுகிறார் என்றுதான் நினைத்தேன். பிறகு தேடிப் படித்தால், 1771இல் சுகிதா கென்பாகு என்ற மருத்துவர் நண்பர்களோடு கொசுகப்பாரா கொலைக்களத்துக்குப் போய், தண்டனை பெற்ற ஒரு பெண்ணின் உடலை அறுப்பதைப் பார்த்திருக்கிறார், டச்சு உடற்கூறு நூலை ஒப்பிட்டபடி. 1774இல் அந்த நூலின் மொழிபெயர்ப்பையும் கொண்டுவந்துவிட்டார்கள். வாளின் கூர்மையைச் சோதிக்கவும் அந்தக் காலத்தில் தண்டனைக் கைதிகளின் உடலைத்தான் வெட்டினார்கள். புழு ஒன்றுதான் பொய்.

"வரலாறு வேண்டுமென்றால் வரலாற்று நூல் படி" என்று கமெண்டில் வரப்போகிறவர்களுக்கு: மங்கா படித்ததால்தான் அதையும் தேடினேன். வன்முறை ரொம்ப அதிகம், ஒப்புக்கொள்கிறேன். பெண்களைச் சித்திரவதை செய்யும் சில பக்கங்களை நானே தள்ளிவிட்டேன். சின்னப் பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள். எல்லா சாமுராய் மங்காவும் இப்படி என்றும் சொல்லவில்லை, பாதிக்கு மேல் வெறும் வாள் சத்தம்தான்.

மான்ஜிக்கு ராத்திரியோடு ராத்திரியாகக் கை ஒட்டிவிடுகிறது. எனக்கு மழை வந்தால் இன்னும் மணிக்கட்டு குடைகிறது. நான் விழுந்தது எங்கள் தெருமுனையில் வெள்ளைக்கோடு போடாத வேகத்தடையில். ராத்திரியில் கண்ணுக்கே தெரியாது. மூன்று மனு கொடுத்தேன். மூன்றாவது தடவை, இடது கையால் கோணல்மாணலாகப் போட்டிருந்த கையெழுத்தைப் பார்த்துவிட்டு, "இது உங்க கையெழுத்துதானா சார்?" என்று கேட்டார்கள். போன மாதம் அதே இடத்தில் பால்காரர் விழுந்தார். நான் கேட்டது ஒரு டப்பா பெயிண்ட்.